திணறலா, விக்கலா?

> பழைய காரில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் எஞ்சின் ஒரு கணம் தடுமாறுவதைத் 'திணறல்' என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

நண்பர்களுக்கு வணக்கம். இந்தக் கோளாறுக்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் என் பங்கு இது.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். மூச்சு முட்டினால்தான் திணறுகிறோம். இங்கே காற்றுக்குக் குறைவே இல்லை, பஞ்சமெல்லாம் பெட்ரோலுக்குத்தான்.

சென்ற மாதம் சேலத்திலிருந்து தர்மபுரிக்குத் திரும்பும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ஒரு லாரியை முந்தப் பார்த்தேன். அழுத்தியதும் வண்டி பாயாமல் உள்ளுக்குள் அமுங்கி, ஒரு நொடி கழித்துத் திடுக்கென்று இழுத்தது. அதற்குள் பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்துவிட்டார்.

மறுநாள் மெக்கானிக் எஞ்சினை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றினார். "தொண்டைக்குள் பாருங்கள் சார்" என்று காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் திராட்டிலை, அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டை, கையால் திறந்தார். பெட்ரோல் கோடாகப் பீச்சியிருக்க வேண்டும். இரண்டு சொட்டுதான் கசிந்தது. திராட்டில் சட்டென்று திறந்தால் காற்று உடனே பாய்ந்துவிடும், கனமான பெட்ரோல் பின்தங்கும். எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற, சரியாக எரியத் தேவையான விகிதம் அங்கே குலைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட ஒரு வாய் பெட்ரோல் ஊற்றுவதே ஆக்சிலேட்டர் பம்பின் வேலை. என் வண்டியில் அதன் டயாபிரம் என்ற சவ்வு காய்ந்து வெடித்திருந்தது, பெட்ரோல் பீச்சும் சிறு துளையான ஜெட்டிலும் அடைப்பு. ஒன்றை மாற்றி, மற்றதைக் காற்றடித்துச் சுத்தம் செய்ததும் தீர்ந்தது. (பற்றவைப்பு நேரம் பிந்தினாலும் இப்படி ஆகும் என்று அதையும் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.)

"தொண்டை வறண்டால் விக்காதா?" என்று அவர் போகிற போக்கில் கேட்டார். அங்கேயே எனக்குச் சொல் கிடைத்துவிட்டது: முடுக்க விக்கல். விக்கலுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுப்பதுபோலத்தான் அந்தப் பம்பும். அதை முடுக்குப் பீச்சி எனலாம். பீச்சாங்குழலை அறியாத பிள்ளைகள் உண்டா? திணறலை எதிர்நிலைக்கு ஒதுக்கிவைப்போம். பெட்ரோல் மிகுந்து கரும்புகை கக்கும்போது எஞ்சின் உண்மையிலேயே காற்றில்லாமல் திணறுகிறது.

> அகராதியில் 'தயக்கம்' இருக்கிறதே?

இருக்கிறது. தயங்குவதற்கு மனம் வேண்டும். என் வண்டிக்கு மனம் இருந்திருந்தால் அந்த லாரியை முந்தவே ஒப்பியிருக்காது.

> விக்கல் அடுக்கடுக்காக வரும். இது ஒரே ஒரு முறை அல்லவா?

இது நியாயமான தடை. ஆனாலும் 'ஒரு விக்கல் விக்கியது' என்று சொல்கிறோமே. எனக்கு இடறுவது வேறு: மிதியை அசைக்காமல் சீராக ஓட்டும்போதே வண்டி விட்டுவிட்டு இழுக்கும் கோளாறு ஒன்று உண்டு. அடுக்கு விக்கல் என்று அதைச் சொன்னால் இரண்டும் குழம்பும். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கப் பட்டறைகளில் அதற்குத் தனிச்சொல் புழங்கினால் எழுதுங்கள்.

அன்புடன்,
தர்மபுரியிலிருந்து