ட்சுகிதே, ஷிகுச்சி: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்: வணக்கம். ஜப்பானியக் கோயில் தச்சர்களைப் பற்றிய படத்துக்குத் தமிழ் வசனவரி எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன். நீளம் போதாத உத்தரத்தை நீட்ட இரண்டு மரங்களை ஒரே கோட்டில் முனையோடு முனை சேர்ப்பது ட்சுகிதே. தூணில் உத்தரம் வந்து கோர்ப்பது போலக் கோணத்தில் சேர்ப்பது ஷிகுச்சி. இரண்டுக்கும் 'மூட்டு' என்றே போட்டால் வேறுபாடு போய்விடுகிறதே?

பாலிடெக்னிக் வாத்தியார்: நெடுமூட்டு, கோணமூட்டு. வரி திரையில் நிற்பது இரண்டு மூன்று நொடி, அதற்குள் யாரும் அகராதியைப் புரட்டப் போவதில்லை.

ஏட்டுச்சுவடி: மூட்டு என்றாலே தைலம் தேய்க்கத் தோன்றுகிறது ஐயா! நம் இலக்கணத்தில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எங்கே தேடுகிறீர்கள்? புணர்ப்பு. அங்குள்ள தச்சர்கள் முதலில் கிடத்துவதைக் கீழ்மரம் என்றும், அதன்மேல் வந்து இறங்குவதை மேல்மரம் என்றும் சொல்கிறார்கள். நிலைமொழி, வருமொழிதானே இது? நிலைமரம், வருமரம் என்று வையுங்கள். வெட்டாமல் முட்டவைத்தால் இயல்பு, உளி பட்டால் விகாரம், குடைந்து எடுத்தது கெடுதல், நடுவே அடிக்கும் ஆப்பு தோன்றல்... திரிதலுக்குத்தான் இன்னும் இடம் கிடைக்கவில்லை, யோசிக்கிறேன்.

வாத்தியார்: முதலாண்டுப் பையன்கள் முன்னால் கரும்பலகையில் 'புணர்ப்பு' என்று எழுதிவிட்டு அந்தப் பாடத்தை நீங்களே வந்து நடத்துங்கள்.

இழைப்புளி: நிலைமரம், வருமரம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கனவாட்சுகி என்ற நெடுமூட்டில் உதைக்கும். அதில் இரண்டு துண்டும் அச்சு அசலாக ஒரே வடிவம், எது நின்றது எது வந்தது என்று பிரிக்க முடியாது. பக்கவாட்டில் சேர்த்து நீளவாக்கில் நகர்த்தினால் நடுவில் ஒரு சின்னச் சதுர இடைவெளி விழும், அதில் ஆப்பை அடித்தால் இரண்டும் எதிரெதிரே நெருக்கிக்கொண்டு இறுகிவிடும். பக்கத்திலிருந்தே நுழைவதால், தூணில் உளுத்துப்போன அடிப்பகுதியை மட்டும் அறுத்துவிட்டுப் புதுமரம் வைக்க இதுதான் தோது.

இன்னொன்று. 'அரி' என்ற மூட்டு வரும் இடத்தில் பாடநூல் வழக்கப்படி 'புறாவால்' என்று எழுதிவிடாதீர்கள். புறா ஆங்கிலத்தின் 'டவ்டெயில்' என்ற சொல்லிலிருந்து பறந்து வந்தது. முனை அகன்று கழுத்து ஒடுங்கிய அந்த நாக்கை ஜப்பானியர் எறும்பு என்ற எழுத்தால்தான் எழுதுகிறார்கள்.

ஏட்டுச்சுவடி: அரியா! கரையான் அரிக்கிறது என்கிறோம், காய் அரிகிறோம், அரிவாள், அரம், அரக்குதல்... இன்னொரு மூட்டின் பெயர் கமா, அதற்கும் அரிவாள் என்றுதானே பொருள்? பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு சொன்னதை இந்த இடத்தில்...

வாத்தியார்: ஓனோவின் கருத்தை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஒலி ஒத்துப்போனால் வேர் ஒன்றாகிவிடாது. வெள்ளிக்கிழமை வருகிறது, மறந்துவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர்: கேட்க மறந்தேன், 'ஆணியே இல்லாமல் 1300 ஆண்டு நிற்கும் ஹோர்யூஜி' என்றும் ஒரு வரி வருகிறது. அப்படியே விடலாமா?

இழைப்புளி: விடாதீர்கள். நாராவில் உள்ள அந்தக் கோயிலிலேயே கொல்லர் அடித்த இரும்பு ஆணிகள் உண்டு. கட்டடத்தின் பலம் பெரும்பாலும் மூட்டில் இருக்கிறது என்பது சரி, ஆணியே இல்லை என்பது சுற்றுலாக்காரர் கதை. 'ஆணியை நம்பாமல்' என்று மாற்றிக்கொள்ளுங்கள், உண்மையும் கெடாது.

அப்புறம், ட்சுகிதேயை அப்படியே வைத்தால் என்ன குறை? சுஷியை யாரும் தமிழாக்கவில்லையே.

மொழிபெயர்ப்பாளர்: அந்தச் சொல் படத்தில் அடிக்கடி வருகிறது, எழுதிப் பார்த்தேன், எனக்கே வாயில் நுழையவில்லை. நெடுமூட்டு, கோணமூட்டு, எறும்புத்தலை என்று அனுப்பிவிடுகிறேன். இதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை. நிலைமரம், வருமரம் ஒரே ஒரு காட்சியில், தச்சர் இரண்டையும் கையால் காட்டும் இடத்தில் மட்டும் வரும்.

ஏட்டுச்சுவடி: ஒரே காட்சியா! என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். கனவாட்சுகிக்கும் விடை கிடைத்துவிட்டது: இரட்டைக்கிளவி. இரண்டும் ஒன்றுபோல இருக்கும், பிரித்தால் பொருள் தராது.

வாத்தியார்: பிரித்தால் விறகாகும் ஐயா.