பெட்ரூமுக்குச் செங்கல் நிறம் அடித்தால் தூக்கம் வராதா? நிறமும் மனசும் பற்றி ஒரு சந்தேகம்

வெண்மதி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம். தேடிப் பார்த்தால் நீலம் அமைதி, சிவப்பு படபடப்பு, மஞ்சள் அடித்தால் சண்டை வரும் என்று ஆளுக்கொரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது செங்கல் நிறம். பெட்ரூமில் அதை அடித்தால் தூக்கமே வராது என்று வீட்டுக்காரர் ஒரே பிடியாக நிற்கிறார். இதோடு உடை விஷயமும் சேர்ந்துகொண்டது. நான் அதிகம் உடுத்துவது கறுப்பும் அடர்நீலமும்தான், அதனால் எனக்கு மனசில் ஏதோ பாரம் இருக்கிறது என்று தோழி முடிவே கட்டிவிட்டாள். ஒரு பாரமும் இல்லை, கறுப்பு உடுத்தினால் நிமிர்ந்து நடக்கத் தோன்றும், அவ்வளவுதான். இதற்கெல்லாம் நிஜமாகவே ஆதாரம் உண்டா?

தேன்சிட்டு:
நிறம் மனசைத் தொடும் என்பதற்கு ஆதாரம் உண்டு தோழி, ஆனால் அந்தப் பட்டியல்களை நம்பாதீர்கள். வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற இருவர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சிவப்பா நீலமா என்பதைவிட, அந்த நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அழுத்தம் என்பதுதான் உணர்ச்சியை அதிகம் அசைக்கிறது என்று அதில் தெரிந்தது. அதாவது பளீரென்ற நீலம் உங்களைத் தூங்கவிடாமல் செய்யலாம், மங்கலான செங்கல் நிறம் சாந்தமாக இருக்கலாம்.

இன்னொன்று, 1979-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கடற்படைச் சிறை ஒன்றின் அறைக்கு இளஞ்சிவப்பு அடித்தார்கள். கைதிகளின் மூர்க்கம் குறைகிறது என்று ஆய்வாளர் அலெக்சாண்டர் ஷாஸ் சொன்னதும் பல சிறைகள் அதே நிறத்துக்கு மாறின, 'பேக்கர்-மில்லர் பிங்க்' என்று பெயரும் நிலைத்தது. 2015-இல் சுவிட்சர்லாந்து சிறையில் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, இளஞ்சிவப்பு அறைக்கும் வெள்ளை அறைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. முதல் செய்திதான் இன்றைக்கும் எல்லா இடத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிறது, எனக்கு அதுதான் ஆதங்கம்.

பிடித்த நிறம் எப்படி அமைகிறது என்பதற்கு பால்மர், ஷ்லாஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2010-இல் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது: எந்தப் பொருள்கள் நமக்குப் பிடிக்குமோ, அவற்றின் நிறமும் பிடித்துப்போகிறது. அதனால் செங்கல் நிறத்தைப் பார்த்தால் வீட்டுக்காரருக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று முதலில் கேளுங்கள்.

தூரிகை:
உள் அலங்கார வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், சண்டை பெரும்பாலும் நிறத்தால் வருவதில்லை, ஷேட் கார்டால், அதாவது பெயின்ட் கடையில் தரும் நிற மாதிரி அட்டையால் வருகிறது. விரல் அகலச் சதுரத்தில் சாதுவாக இருக்கும் நிறம் நாலு சுவரிலும் ஏறியதும் ஒரு சுவரின் நிறம் இன்னொன்றில் பட்டுத் திரும்பி, நீங்கள் எடுத்ததைவிட அழுத்தமாகத் தெரியும். ஆகவே கார்டில் பிடித்ததைவிட ஒரு படி வெளிர், கொஞ்சம் சாம்பல் கலந்தது எடுங்கள். இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விட்டு, மூலைக்கு மூலை நகர்த்தி, காலை, மதியம், இரவு விளக்கில் என்று பாருங்கள். சுவரில் நேரே திட்டுத் திட்டாக அடித்துப் பார்க்க வேண்டாம், பழைய நிறம் பக்கத்திலேயே இருந்து கண்ணை ஏமாற்றும்.

செங்கல் நிறம் வெளிச்சம் குறையக் குறையக் கறுத்துவிடும், நீலம் அந்த அளவுக்கு மங்காது. மங்கல் வெளிச்சத்தில் நம் கண் வேலை செய்யும் விதம் அது, புர்கின்யே விளைவு என்பார்கள். வெயில் எட்டாத அறையாக இருந்தால் நாலு சுவருக்கும் வேண்டாம். தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் அடியுங்கள், படுத்தால் கண்ணில் படாது, உள்ளே நுழையும்போது முதலில் தெரிவதும் அதுவாக இருக்கும்.

நூல்கண்டு:
கறுப்புக்கு நான் வருகிறேன். 1988-இல் ஃபிராங்க், கிலோவிச் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் ஒரே மாதிரி ஆட்டத்தைக் கறுப்புச் சீருடையிலும் வெள்ளைச் சீருடையிலும் வீடியோ எடுத்துக் காட்டினார்கள். கறுப்பு போட்டவர்கள்தான் முரட்டுத்தனமாக ஆடியதாகப் பார்த்தவர்கள் நினைத்தார்கள், நடுவர்கள் உட்பட. ஆக, உங்கள் தோழி பார்ப்பது அவர் மனசில் கறுப்புக்கு இருக்கும் அர்த்தத்தை. விக்டோரியா ராணி 1861-இல் கணவர் இறந்தபின் சாகும்வரை கறுப்புதான் உடுத்தினார். அதே கறுப்பு 1926-இல் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் ஷனேலின் எளிய கவுனாக வோக் ஃபேஷன் இதழில் வந்தபோது நவநாகரிகம் ஆனது. நிமிர்ந்து நடக்கத் தோன்றினால் தாராளமாக உடுத்துங்கள்.

ஒன்றே ஒன்று: கறுப்பையும் அடர்நீலத்தையும் சேர்த்துப் போடுவதானால் ஜன்னல் பக்கம் நின்று பாருங்கள். பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் கறுப்புச் சாயம் சோடையாக இருக்கிறது என்று புகார் வந்தபோது, வேதியியலாளர் செவ்ரல் சாயத்தைச் சோதித்துவிட்டுக் குறை அதில் இல்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கடிக்கின்றன என்றார். 1839-இல் அதைப் பெரிய புத்தகமாகவே போட்டார். நடுவில் வெளிர் நிறத்தில் ஒரு துப்பட்டா வந்தால் இரண்டும் தனித்தனியாக எடுப்பாகத் தெரியும்.

வெண்மதி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அவரிடம் கேட்டேன், சின்ன வயதில் படித்த ஹாஸ்டல் சுவர் அந்த நிறமாம்! தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் என்றதும் சம்மதித்துவிட்டார். விளக்கு எது போடலாம்?

தூரிகை:
2700 அல்லது 3000 கெல்வின் வார்ம் பல்பு, அதாவது மஞ்சள் கலந்த வெளிச்சம் தருவது. 6500 கெல்வின் வெள்ளை பல்பு போட்டால் செங்கல் நிறம் செத்துப்போகும். அட்டையையும் அதே பல்பு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு டின் வாங்குங்கள்.