இண்டர்டிஜிட்டல் பங்குதாரர்களின் அனுபவப் பகிர்வு: வழக்காடுவதா, ஒப்பந்தம் போடுவதா?

நெடுநாள் பங்குதாரர், பென்சில்வேனியா

இண்டர்டிஜிட்டல் பங்கு வைத்திருக்கும் நம்மிடையே ஒரு வாக்குவாதம் ஓய்வதே இல்லை. உரிமக் கட்டணத்துக்காக நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறுவது பங்குதாரருக்கு நல்லதா, கிடைக்கிற தொகைக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது நல்லதா என்பதே அது. இந்த நிறுவனத்தை 1990களின் பிற்பகுதியிலிருந்து பின்தொடர்ந்து வருகிறேன். செல்பேசிக் கோபுரக் கருவிகளில் வேலை செய்தவன் என்பதால் அதன் காப்புரிமைகளைப் படித்துப் புரிந்துகொள்ளவும் ஓரளவு முடிந்தது. ஒரு தீர்ப்பு சாதகமாக வந்ததும் நிர்வாகத்தைத் தலையில் தூக்கி வைப்பதும், பாதகமாக வந்ததும் பதவி விலகக் கோருவதும் நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டன. இந்தத் தொழிலில் பணம் வருவதும் வராததும் பெரும்பாலும் தீர்ப்பைவிட ஒப்பந்த விதிகளைப் பொறுத்தது என்பதே என் அனுபவம்.

1972-இல் இண்டர்நேஷனல் மொபைல் மெஷீன்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1992-இல் இண்டர்டிஜிட்டல் ஆன நிறுவனம் இது. தனக்கென்று கைப்பேசி எதையும் சந்தையில் விற்காமல், ஆராய்ச்சியில் பிறந்த காப்புரிமைகளுக்கு உரிமம் கொடுத்துப் பிழைக்கிறது. மோட்டரோலாவுக்கு எதிரான வழக்கில் 1995-இல் டெலவேர் நீதிமன்ற ஜூரி பாதகமான முடிவைச் சொன்னபோது, இதன் கதை முடிந்தது என்றே பலர் எண்ணினார்கள். அதற்கு முன்பே, 1993-இல், எரிக்சனுக்கு எதிராக டெக்சஸில் தொடுத்திருந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தது. அந்த வழக்கு பத்தாண்டுகள் நீடித்து, விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், 2003 மார்ச்சில் சமரசத்தில் முடிந்தது. 2002 வரையிலான விற்பனைக்காக எரிக்சனும் சோனி எரிக்சனும் கொடுக்க ஒப்புக்கொண்டது சுமார் 3.4 கோடி டாலர். பத்தாண்டுப் போராட்டத்துக்கு இவ்வளவுதானா என்று அன்று பங்குதாரர்கள் கொதித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்தக் கோபம் தவறான இடத்தைப் பார்த்தது என்று அப்போதே எழுதினேன். காரணம் 1999-இல் நோக்கியாவுடன் போட்ட ஒப்பந்தம். ஒரு பெரிய போட்டி நிறுவனம் முதலில் என்ன கட்டணத்துக்கு உரிமம் பெறுகிறதோ, 2002 முதல் நோக்கியா கொடுக்க வேண்டிய கட்டணம் அதை ஒட்டி அமையும் என்ற விதி அதில் இருந்தது. ஆகவே எரிக்சனோடு எழுதிய தாளில் இருந்த விகிதமே நோக்கியாவுக்கும் அளவுகோல் ஆனது. நோக்கியா உலகிலேயே மிக அதிகமாகக் கைப்பேசி விற்ற காலம் அது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தில் தாக்கல் செய்யப்பட்ட ஒப்பந்தப் பிரதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விகிதம் இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் நட்சத்திரக் குறிகள்தான் இருக்கும். விலை மறைந்திருக்கும், விதி மறைந்திருக்காது. பங்குதாரர் படிக்க வேண்டியது அந்த விதியைத்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுட்பமும் உண்டு. எரிக்சன் வழக்கில் மாவட்ட நீதிமன்றம் பிறப்பித்திருந்த சில உத்தரவுகளை நீக்கிவிட வேண்டும் என்பதும் சமரசத்தின் ஒரு பகுதி. அந்த உத்தரவுகள் தனக்குப் பயன்படும் என்று கருதிய நோக்கியா, முடிந்துபோன வழக்கில் நுழைந்து அவற்றை மீண்டும் உயிர்ப்பிக்கக் கோரியது. மாவட்ட நீதிமன்றம் அதற்கு இசைந்தது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் அதை மாற்றி, சமரசத்தைக் காப்பாற்றியது. அதே ஆண்டில், நோக்கியா கொடுக்க வேண்டிய கட்டணம் பற்றிய நடுவர் தீர்ப்பாயத்தின் முடிவும் வந்தது. கடைசியில் 2006-இல் நோக்கியா 25.3 கோடி டாலர் செலுத்தியது. எரிக்சனிடம் வாங்கிய தொகையை மட்டும் பார்த்துப் பங்கை விற்றவர்களுக்கு இந்தத் தொகையில் பங்கு கிடைக்கவில்லை.

மறுபுறம், அதே நோக்கியாவோடு மூன்றாம் தலைமுறைத் தொழில்நுட்பத்துக்காக நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2007-இல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்தில் புகார், 2009-இல் தோல்வி, 2012-இல் மேல்முறையீட்டில் வெற்றி, ஆணையத்துக்கே திரும்பிச் சென்ற வழக்கு, நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய பிறகு, 2015-இல் மீண்டும் பாதகமாக முடிந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் இறக்குமதித் தடை கிடைக்கவில்லை. 2012 வெற்றியைக் கொண்டாடியவர்கள் அந்த வழக்கு முடிந்த இடத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

நியூ ஜெர்சி முதலீட்டாளர்

ஐயா, உங்கள் பதிவை முழுதாக ஏற்கிறேன். ஆனால் 2011-ஐ நீங்கள் விட்டுவிட்டீர்கள். நிர்வாகத்தின் மீது எனக்குள்ள ஒரே பெரிய மனக்குறை அந்த ஆண்டைச் சார்ந்தது.

அந்த ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில், நார்ட்டெல் நிறுவனத்தின் ஏறத்தாழ 6,000 காப்புரிமைகள் 450 கோடி டாலருக்கு ஏலம் போன செய்தி வெளியானது. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், எரிக்சன் உள்ளிட்டோர் கூட்டாக வாங்கினார்கள். அதே மாதத்தில் இண்டர்டிஜிட்டல் இயக்குநர் குழு, நிறுவனத்தை விற்பது உட்பட எல்லா வழிகளையும் பரிசீலிப்பதாக வெளிப்படையாக அறிவித்தது. பங்கின் விலை சில வாரங்களிலேயே ஏறத்தாழ இருமடங்கானது. ஆகஸ்டில் கூகுள் மோட்டரோலா மொபிலிட்டியை 1,250 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தபோது, அடுத்தது நாம்தான் என்று எங்கள் அலுவலகத்தில் இந்தப் பங்கை வைத்திருந்த அத்தனை பேரும் நம்பினார்கள். நான் பாதியை விற்றுவிட்டேன். விற்பனை நடக்காது என்று எனக்குத் தெரிந்திருந்ததால் அல்ல, சந்தை கொடுத்த விலை என் கணக்குக்குப் போதுமானதாக இருந்ததால். 2012 ஜனவரியில் பரிசீலனை முடிந்தது, விற்பனை இல்லை என்ற அறிவிப்பு வந்ததும் விலை சரிந்தது.

விற்காமல் விட்டது தவறென்று நான் சொல்லவில்லை. அதே ஆண்டு ஜூனில் இண்டெல் நிறுவனத்துக்குச் சுமார் 1,700 காப்புரிமைகளும் விண்ணப்பங்களும் 37.5 கோடி டாலருக்கு விற்கப்பட்டன. ஒன்றுக்கு ஏறத்தாழ 2,20,000 டாலர். நார்ட்டெல் ஏலத்தில் ஒன்றுக்கு ஏறத்தாழ 7,50,000 டாலர் விழுந்தது. இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது நியாயமல்ல. இண்டர்டிஜிட்டல் கொடுத்தது தன் தொகுப்பின் சிறு பகுதியை. முக்கியமானவற்றைக் கையில் வைத்துக்கொண்டே பெருந்தொகை ஈட்டியது நல்ல வணிகம்தான்.

என் குறை அந்தப் பகிரங்க அறிவிப்பின் மீது. எல்ஜியோடு 2006-இல் போட்ட ஒப்பந்தம் (9.5 கோடி டாலர் வீதம் மூன்று தவணை, மொத்தம் 28.5 கோடி) 2010 முடிவில் காலாவதியாகிவிட்டது. சாம்சங் 2008-இல் 40 கோடி டாலருக்குப் பெற்ற உரிமம் 2012 முடிவில் தீரவிருந்தது. இரண்டு பெரிய வாடிக்கையாளர்களிடம் புதுப்பித்தல் பேச வேண்டிய வேளையில், நிறுவனமே யாருக்கேனும் கைமாறக்கூடும் என்று ஊரறியச் சொன்னால், எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஏன் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடப்போகிறார்? புதிய உரிமையாளர் வரட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்றுதான் நினைப்பார். பேரத்தில் நம் கை தாழ்ந்தது அந்த அறிவிப்பால்தான் என்பது என் உறுதியான கருத்து.

காப்புரிமை ஆலோசகர், சென்னை

நான் பங்குதாரன் அல்லன். காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதும் தொழிலில் இருப்பவன். இந்த நிறுவனத்தின் வழக்கொன்று எங்கள் தொழிலில் உள்ள அனைவரையும் உட்காரவைத்துப் படிக்கவைத்தது என்பதால் எழுதுகிறேன்.

ஷியோமிக்கு எதிராக இண்டர்டிஜிட்டல் 2020 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதற்கு முன்பே, உலகளாவிய கட்டணத்தை நிர்ணயிக்கக் கோரி, ஷியோமி சீனாவின் வூகான் நீதிமன்றத்தை அணுகியிருந்தது. டெல்லியில் தடையாணை கோரும் நடவடிக்கையைத் தொடரக் கூடாது என்று வூகான் நீதிமன்றம் செப்டம்பரில் உத்தரவிட்டது. மீறினால் நாளொன்றுக்கு 10 லட்சம் யுவான் அபராதம். டெல்லி நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. இந்தியக் காப்புரிமையை இந்திய மண்ணில் மீறியதாகச் சொல்லும் வழக்கை நடத்தவிடாமல் வேறொரு நாட்டு நீதிமன்றம் தடுக்க முடியாது என்ற நிலைப்பாட்டோடு அக்டோபரில் இடைக்கால ஆணையும், 2021 மே 3 அன்று விரிவான தீர்ப்பும் வந்தன. வூகானில் இண்டர்டிஜிட்டல் அபராதம் கட்ட நேர்ந்தால் அதே தொகையை ஷியோமி ஈடுசெய்ய வேண்டும் என்பதும் அதில் அடங்கும். இந்திய நீதிமன்றம் ஒன்று இத்தகைய ஆணையைப் பிறப்பித்தது அதுவே முதல்முறை. மூன்றே மாதத்தில், ஆகஸ்டில், இரு தரப்பும் உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

முதல் பதிவர் தீர்ப்பைவிட ஒப்பந்தமே முக்கியம் என்கிறார். இங்கே தீர்ப்புதான் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. மியூனிக் நீதிமன்றமும் இதே திசையில் ஆணையிட்டிருந்தது. இவை இல்லாமல் ஷியோமி இவ்வளவு விரைவில் மேசைக்கு வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. சீனாவில் இந்த நிறுவனம் முன்பு பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்: ஹுவாவே தொடுத்த வழக்கில் 2013-இல் குவாங்டோங் உயர் நீதிமன்றம் கட்டணத்தைக் கருவியின் விற்பனை விலையில் 0.019 சதவீதத்துக்கு மிகாமல் நிறுத்தியது. அதே ஆண்டில் சீனாவின் தேசிய வளர்ச்சி, சீர்திருத்த ஆணையம் விசாரணை நடத்தியபோது, கைது மிரட்டல் காரணமாகத் தங்கள் அதிகாரிகள் பெய்ஜிங் கூட்டத்துக்குச் செல்ல முடியாது என்று நிறுவனம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. தடையாணை கோருமுன் நடுவர் தீர்வுக்கு முன்வருவதாக உறுதியளித்த பிறகுதான், 2014 மே மாதத்தில் அந்த விசாரணை நிறுத்தி வைக்கப்பட்டது.

நெடுநாள் பங்குதாரர், பென்சில்வேனியா

சென்னை நண்பரின் திருத்தத்தை ஏற்கிறேன். ஷியோமி விஷயத்தில் டெல்லி ஆணை பேரத்தை அசைத்தது. ஆயினும் லெனோவோ வழக்கைப் பார்த்தால் நான் ஏன் இன்னும் என் கருத்தில் நிற்கிறேன் என்பது விளங்கும்.

லண்டனில் நீதிபதி மெல்லர் 2023 மார்ச்சில் கொடுத்த தீர்ப்பை வாரயிறுதிகளில் உட்கார்ந்து படித்தேன். பத்திக்குப் பத்தி எண்கள் கறுப்பாக மறைக்கப்பட்டிருந்தாலும், மற்ற நிறுவனங்களோடு போட்ட உரிமங்கள் ஒவ்வொன்றாக அங்கே பிரித்து மேயப்பட்டிருந்தன. இண்டர்டிஜிட்டல் கேட்டது 33.7 கோடி டாலர். லெனோவோ தர முன்வந்தது ஏறத்தாழ 8 கோடி. இரண்டுமே நியாயமான, பாரபட்சமற்ற விதிமுறைகளுக்குள் அடங்கவில்லை என்று சொல்லி, எல்ஜியுடன் 2017-இல் போட்ட உரிமத்தைச் சிறந்த ஒப்பீடாக எடுத்துக்கொண்டு, கருவி ஒன்றுக்கு 17.5 சென்ட் வீதம் 13.87 கோடி டாலர் என்று நீதிபதி நிர்ணயித்தார். கவனியுங்கள்: ஆறு ஆண்டுக்கு முன் வேறொருவருக்கு எழுதிக்கொடுத்த உரிமம்தான் நீதிமன்றத்தில் நம் விலையைத் தீர்மானித்தது. அன்று கொடுத்த தள்ளுபடி ஒவ்வொன்றும் பின்னாளில் நமக்கு எதிரான சான்றாக நிற்கும். எல்ஜி ஒப்பந்தம் வந்த நாளில் வருமானம் நிச்சயமானது என்று மகிழ்ந்தோமே தவிர, அடுத்து வரும் ஒவ்வொருவரும் இதைக் காட்டித்தான் பேசுவார்கள் என்று எந்தக் காலாண்டு உரையாடலிலும் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தொகையை வட்டியும் சேர்த்து 24.02 கோடி டாலராக உயர்த்தியது, வீதம் 22.5 சென்ட் ஆனது. உரிமம் பெறாமல் விற்ற பழைய ஆண்டுகளுக்கும் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும், காலவரம்புச் சட்டத்தைக் காட்டித் தப்ப முடியாது என்ற கொள்கையும் நிலைத்தது. தாமதப்படுத்தினால் லாபம் என்று எண்ணும் உற்பத்தியாளர்களுக்கு எதிராக நமக்குக் கிடைத்த மிகப் பெரிய பாதுகாப்பு இதுவே என்று நான் கருதுகிறேன்.

சாம்சங் விஷயத்தில் நிர்வாகம் வேறு பாதையை எடுத்தது. உரிமம் 2022 முடிவில் தீர்ந்ததும் வழக்குக்குப் போகாமல், 2023 ஜனவரி 1 முதலே உரிமத்தைத் தொடங்கிவிட்டு, தொகையை மட்டும் நடுவர் தீர்ப்பாயத்திடம் ஒப்படைக்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. 2021 முதல் தலைமைச் செயல் அதிகாரியாக இருக்கும் லிரென் சென் எடுத்த இந்த முடிவைக் கோழைத்தனம் என்று சிலர் திட்டினார்கள். நான் மனமார ஆதரித்தேன். உரிமம் உண்டா இல்லையா என்ற சண்டை அத்தோடு தீர்ந்தது. மிச்சம் இருந்தது எண் மட்டுமே. 2025 ஜூலையில் அந்த எண் வந்தது: 2030 வரையிலான எட்டு ஆண்டுக்கு 105 கோடி டாலர், ஆண்டுக்குச் சராசரியாக 13.1 கோடி, முந்தைய ஒப்பந்தத்தைவிட ஏறத்தாழ 67 சதவீதம் கூடுதல்.

நியூ ஜெர்சி நண்பரே, உங்கள் 2011 மனக்குறையும் என் கவலையும் ஒரே இடத்தில்தான் சந்திக்கின்றன: பேர மேசையில் எதிராளி நம்மைப் பற்றி என்ன அறிந்திருக்கிறார் என்பதில். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நான் எழுதி அனுப்பவிருக்கும் கேள்வி இதுதான்: சாம்சங்குக்கு நடுவர்கள் விதித்த தொகையையும் லெனோவோவுக்கு லண்டன் நீதிமன்றம் விதித்த வீதத்தையும் இனி வரும் புதுப்பித்தல்களில் நிர்வாகம் தன் பக்கத்துச் சான்றாக வைக்கப்போகிறதா, விற்பனை அளவைக் காட்டித் தள்ளுபடி கேட்கும் பெரிய நிறுவனங்களுக்கு எந்த எல்லையில் மறுப்புச் சொல்ல இயக்குநர் குழு முடிவெடுத்திருக்கிறது? உங்களில் யாரேனும் இதோடு சேர்க்க விரும்பினால் இங்கேயே எழுதுங்கள், சேர்த்தே அனுப்புகிறேன்.