மருத்துவக் கல்லூரிக்கான எட்டு ஸ்டேஷன் நேர்காணல்: நீங்கள் எப்படித் தயாரானீர்கள்?

பென்னாகரம் ரோடு:

"எனக்கு எட்டு ஸ்டேஷன் இருக்கு ஆயா" என்று வீட்டில் முதன்முதலாகச் சொன்னபோது, ஆயா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு, "எட்டு ஸ்டேஷன்லயும் கேஸா? அப்படி என்னடி பண்ணின?" என்று கேட்டார்.

இங்கிலாந்தில் இரண்டு மருத்துவக் கல்லூரிகள் நேர்காணலுக்குக் கூப்பிட்டன. ஒன்று கைவிட்டது, ஒன்று கிடைத்தது. (செலவைப் பற்றிக் கேட்காதீர்கள், அது தனிக் கதை. திரும்பி வந்து இங்கே மருத்துவம் பார்க்க நினைத்தால் நீட் தகுதியும் வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.) நேர்காணலில் வந்த கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதனால் பயிற்சியில் பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஸ்டேஷன் நேர்காணல் என்பது நவக்கிரகம் சுற்றுவது மாதிரிதான். ஒவ்வொரு அறையிலும் ஒருவர் இருப்பார். கதவில் ஒட்டிய தாளைப் படிக்க ஒன்றிரண்டு நிமிடம், உள்ளே போய்ப் பேச ஐந்து முதல் எட்டு நிமிடம், மணி அடித்ததும் அடுத்த அறை. கிரகங்கள் ஒன்றையொன்று பார்க்காத மாதிரி, ஒருவர் போட்ட மதிப்பெண் இன்னொருவருக்குத் தெரியாது. கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த முறை இது. 2004இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே குழு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்தால், முதல் பதிலிலேயே உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். இங்கே ஒரு அறையில் சொதப்பினால் அடுத்த அறையில் புதுக் கணக்கு. எனக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

எனக்குப் பயிற்சி கொடுத்தது பெரியம்மா மகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். முதல் நாள், "உங்கள் ஊரில் ஒரு உடல்நலப் பிரச்சினையைச் சொல்" என்றார். நான் இங்கிலாந்து மருத்துவமனைகளில் எவ்வளவு நாள் காத்திருக்கிறார்கள், ஆன்டிபயாடிக் ஏன் வேலை செய்யாமல் போகிறது என்று படித்துவைத்ததையெல்லாம் கொட்டினேன். அக்கா கேட்டுவிட்டு, "பல்லைக் காட்டுடி" என்றார்.

என் முன்பற்களில் பழுப்புக் கோடு இருக்கிறது. நம் பக்கத்துப் பாறையிலிருந்து ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் இறங்குகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் கெடுதல். பல் உருவாகும் வயதில் குடித்தால் பல்லில் கறை, வருஷக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகிப்போகும். ஆயாவால் கீழே உட்கார்ந்து எழ முடியாது. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. தம்பி அதற்கடுத்த வருஷம் பிறந்தான், அவன் பல் பளிச்சென்று இருக்கிறது. இதைச் சொன்னதும் பெரிதாக ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்தேன். அக்கா விடவில்லை. "தம்பி பல் வெள்ளையா இருக்கிறதுக்கு அந்தத் தண்ணிதான் காரணம்னு எப்படித் தெரியும்? ரெண்டு பேரை வச்சு முடிவு பண்ணுவியா? ஃப்ளோரைடு இருக்குன்னு ஆழ்குழாயை மூடிட்டா குழாய்த்தண்ணி வராத நாளில் ஜனங்க எதைக் குடிப்பாங்க?" உண்மையில் அப்போதுதான் பயிற்சி தொடங்கியது. பதிலை விட, பதிலுக்குப் பின்னால் வரும் இரண்டாவது கேள்விதான் ஆளைச் சாய்க்கிறது.

அப்புறம் களி. கையை அசைக்காமல், களி கிண்டத் தெரியாதவருக்கு வாயால் மட்டும் சொல்லித்தர வேண்டும். "நொய் வெந்ததும் மாவைக் கொட்டிக் கிண்டு" என்றேன். எதிரே உட்கார்ந்த அக்கா, "நொய்யின்னா என்ன? எதால கிண்டணும்?" என்றார். நமக்குக் கைவந்த வேலையை இன்னொருவருக்குச் சொல்லும்போது பாதியை விழுங்கிவிடுகிறோம். முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும், நடுவில் நிறுத்திப் "புரிந்ததா?" என்று பார்க்க வேண்டும். கட்டி தட்டாமல் களி கிண்டவைக்க எனக்கு நான்கு நாள் ஆனது.

நான் வசமாக மாட்டிக்கொண்டது அறநெறிக் கேள்வியில். பதினைந்து வயதுப் பெண், பெற்றோருக்குத் தெரியாமல் கருத்தடை மாத்திரை கேட்கிறாள். என்ன செய்வாய்? "அம்மாவிடம் சொல்வேன்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் போக்ஸோ சட்டப்படி காவல்துறைக்கே தெரிவிக்க வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் கில்லிக் வழக்கு என்று 1985இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. சிகிச்சையைப் புரிந்து முடிவெடுக்கும் பக்குவம் அந்தப் பெண்ணுக்கு இருந்தால் பெற்றோர் சம்மதம் கட்டாயமில்லை. ஆனால் யாராவது அவளை மிரட்டிப் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க வேண்டியது மருத்துவரின் கடமை. எந்த நாட்டுக்குப் போகிறோமோ அந்த நாட்டு விதியைப் படிக்காமல் மனசாட்சியை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

ஓசூர் அப்பா:

நல்ல பதிவு அம்மா. என் பையன் கதை வேறு. ஒரு பயிற்சி மையத்தில் காசு கட்டினோம், பெயர் வேண்டாம். நூறு கேள்விக்கு நூறு பதில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அவனும் மனப்பாடம் செய்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு டீச்சரை நடிக்கச் சொன்னோம். காட்சி இதுதான்: அவர் பூனைமீது இவன் தெரியாமல் வண்டியை ஏற்றிவிட்டான், அதைப் போய்ச் சொல்ல வேண்டும். டீச்சர் நிஜமாகவே கண் கலங்கிவிட்டார். இவன் "ஐ அண்டர்ஸ்டாண்ட் ஹவ் யூ ஃபீல்" என்று மூன்று தடவை சொன்னான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, பூனைக்குப் பேர் என்னன்னு ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். அன்றைக்கே அந்தத் தாள்கட்டைப் பரண்மேல் போட்டோம்.

இணையவழி நேர்காணல் என்றால் நேரத்தைப் பாருங்கள். குளிர்காலத்தில் இங்கிலாந்தில் காலை ஒன்பதரை என்றால் இங்கே மாலை மூன்று. மார்ச் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள், அப்போது இரண்டு மணி. இன்வெர்ட்டர், போன் ஹாட்ஸ்பாட் இரண்டும் தயாராக இருக்கட்டும். எங்களுக்கு மூன்றாவது ஸ்டேஷனில் கரண்ட் போனது.

ஒரு சந்தேகம். "ஏன் டாக்டர் ஆகணும்?" என்றால் இவன் இன்னும் "சேவை செய்ய" என்றுதான் சொல்கிறான். என்ன செய்வது?

மாங்கனி:

நான் நீட் எழுதி இங்கேயே அரசுக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். எங்களுக்கு நேர்காணல் எதுவும் கிடையாது. அதனால் ஸ்டேஷனிலிருந்து தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். 2019 பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசுவது, அறநெறி எல்லாம் பாடமாகவே வந்துவிட்டது. தேர்விலும் மணி அடிக்க அடிக்க ஸ்டேஷன் மாற வேண்டும்.

போன மாதம் காசநோய்க்காரர் ஒருவரிடம் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று விளக்கப் போனேன். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "மாத்திரை ஒடம்பு சூடு பண்ணுது, நான் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுறேன்" என்றார். நான் கேட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே சொல்லியிருப்பார்.

பென்னாகரம் ரோடு:

ஓசூர் அப்பாவுக்கு: சேவை என்று சொல்வதில் தப்பில்லை, ஆனால் உடனே "அப்படியானால் ஏன் செவிலியர் ஆகக்கூடாது?" என்று கேட்பார்கள். என் அக்கா அதைக் கேட்டுவிட்டு, செவிலியர் சீருடையிலேயே எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. உங்கள் பையனை ஒருநாள் ஏதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில், அனுமதி வாங்கிக்கொண்டு, காலை எட்டு மணிக்கு உட்காரவையுங்கள். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.