லா சியோத்தாவின் ஈடன் அரங்கு: உலகின் மிகப் பழைய திரையரங்கு என்பது சரியா?

கேள்வி

பிரான்சின் தென்கடற்கரையில், மார்செய் நகருக்குக் கிழக்கே லா சியோத்தா என்ற சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. அங்குள்ள ஈடன் அரங்கை உலகின் மிகப் பழைய திரையரங்கு என்று பலரும் எழுதுகிறார்கள். அதே கட்டுரைகளில், அங்கே கட்டணம் வாங்கிப் படம் காட்டிய நாள் 1899 மார்ச் 21 என்றும் வருகிறது. சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களோ 1895 டிசம்பர் 28 அன்றே பாரிஸில் கட்டணக் காட்சி நடத்திவிட்டார்கள். அவர்கள் அனுப்பிய மாரியஸ் செஸ்தியே 1896 ஜூலை 7 அன்று பம்பாயின் வாட்சன் ஹோட்டலில் தலைக்கு ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு படம் காட்டியிருக்கிறார். பம்பாய்க்கும் பிந்திய ஓர் அரங்குக்கு இந்தப் பெருமை எப்படிக் கிடைத்தது? ரயில் வந்து நிற்கும் லூமியேர்களின் அந்தப் புகழ்பெற்ற படம் இந்த அரங்கில்தான் முதலில் திரையிடப்பட்டது என்பதும் உண்மைதானா?

மறுமொழி 1

முதல் காட்சி நடந்த இடம் எது, மிகப் பழைய அரங்கு எது என்பவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். பாரிஸ் காட்சி கிராண்ட் கஃபேயின் கீழ்த்தளத்தில் இருந்த ஓர் அறையில் நடந்தது. ஒரு ஃபிராங்க் கொடுத்து அன்று உள்ளே வந்தவர்கள் 33 பேர்தான். பம்பாயில் நடந்தது ஹோட்டலில். இரண்டுமே வேறு பயனுக்கான இடங்களில் திரை கட்டி நடத்திய காட்சிகள். ஈடனோ 1889 ஜூன் மாதத்திலேயே மேடையோடும் இருக்கைகளோடும் திறக்கப்பட்ட பொழுதுபோக்கு அரங்கு. நாடகம், பாட்டு, மல்யுத்தம் என்று எல்லாம் நடந்துகொண்டிருந்த அந்த மேடையில் பத்து ஆண்டுகள் கழித்துச் சினிமாவும் வந்து சேர்ந்தது. ஆகவே அது சினிமாவுக்கென்றே கட்டிய கட்டடம் அன்று. புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த இடத்தை மெல்லத் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ‘இன்றும் படம் ஓடுகிற கட்டடங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று’ என்று எழுதுவதே நேர்மையானது.

மறுமொழி 2

லியோனில் புகைப்படத் தகடு தயாரித்துப் பொருள் ஈட்டிய தந்தை அந்துவான் லூமியேர், லா சியோத்தாவில் நிலம் வாங்கிப் பெரிய மாளிகை கட்டினார். குடும்பம் கோடைக்காலத்தை அங்கே கழித்ததால்தான் சினிமா வரலாற்றில் இந்த ஊரின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பாரிஸ் கட்டணக் காட்சிக்குச் சில மாதங்கள் முன்னதாகவே, 1895 செப்டம்பரில், அந்த மாளிகையில் நண்பர்களுக்கும் ஊராருக்கும் படங்களைக் காட்டினார்கள். கட்டணம் இல்லாத காட்சி என்பதால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரயில் படம் லா சியோத்தா நிலையத்தில் எடுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடக்கூடிய அந்தப் படம் 1896 ஜனவரியிலேயே பொதுமக்களுக்குக் காட்டப்பட்டுவிட்டதால், ஈடனில் முதலில் திரையிடப்பட்டது என்பது பொருந்தாது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் காட்டிய பத்துப் படங்களிலும் அது இல்லை. ஆனால் இதே ஊர்க் கடலில் சிறுவர்கள் குதித்து நீராடும் படம் அந்தப் பத்தில் இருந்தது. பம்பாய்ப் பட்டியலிலும் ரயில் வருகை ஒன்று உண்டு. லூமியேர் நிறுவனம் பல ஊர்களில் ரயில் வருவதைப் படமாக்கியிருப்பதால், பெயரை மட்டும் பார்த்து அது லா சியோத்தா ரயில்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். ரயிலைக் கண்டு பார்வையாளர்கள் அலறி ஓடினார்கள் என்ற கதைக்கும் அக்காலச் சான்று கிடையாது என்று மார்ட்டின் லோய்ப்பர்டிங்கர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார்.

மறுமொழி 3

முதல் மறுமொழியை ஏற்கிறேன்; ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். தொடர்ந்து இயங்குகிற மிகப் பழைய திரையரங்கு என்ற கின்னஸ் அங்கீகாரம் ஈடனுக்கு அன்றி, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் இருக்கும் ஸ்டேட் திரையரங்குக்குக் கிடைத்தது. இசை நாடக அரங்காகக் கட்டப்பட்ட அங்கே 1897 மே 14 அன்றே படம் காட்டியிருக்கிறார்கள். படம் காட்டிய ஆண்டைப் பார்த்தாலும் ஈடன் பிந்தியது. தொடர்ச்சியைப் பார்த்தாலும், 1995 முதல் 2013 வரை அது மூடிக் கிடந்தது. கப்பல் கட்டும் தளத்தை நம்பி வாழ்ந்த ஊர் அது. அந்தத் தளமே 1980களின் இறுதியில் மூடப்பட்ட நிலையில், பழைய அரங்கு ஒன்றைப் புதுப்பிக்க எங்கிருந்து பணம் வரும்? மார்செய் வட்டாரம் 2013ஆம் ஆண்டுக்கான ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக அறிவிக்கப்பட்ட பின்னரே வேலை நிறைவேறி, அந்த அக்டோபரில் மீண்டும் திறந்தார்கள். இப்போது அங்கே வழக்கம்போல் படங்கள் திரையிடப்படுகின்றன.

கேள்வி கேட்டவர்

நன்றி. நான் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் ‘உலகின் முதல்’ என்பதை நீக்கிவிட்டு, 1889, 1899 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியே குறிப்பிட்டு, அயோவா அரங்கையும் சேர்த்துவிடுகிறேன். செப்டம்பர் மாளிகைக் காட்சி எனக்கு முற்றிலும் புதிய செய்தி.