தெப்பக்குளம்: காலையா, சாயங்காலமா?

நடைவாசி:
மதுரைக்கு வர்ற வெளியூர்க்காரங்க கேட்டா எல்லாரும் "சாயங்காலம் போங்க"ன்னே கை காட்டுறாங்க. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைப் பார்க்கணும்னா காலை ஆறு, ஆறரைக்குப் போகணும். ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர், சுத்தி வந்தா 1.2 கிலோமீட்டர். அதே சுத்தை சாயங்காலம் பஜ்ஜிக் கடை, பைக், பலூன்காரர் நடுவுல நெளிஞ்சுதான் முடிக்கணும்.

கீழவாசல்:
அண்ணே, நடக்க வர்றவங்களுக்கு அது சரி. பார்க்க வர்றவங்களுக்கு? திருமலை நாயக்கர் 1645ல வெட்டின குளம்; கண்ணு போக வேண்டியது மைய மண்டபத்துக்கு. நாலரைக்கு மேல மேற்குக் கரையில நில்லுங்க. வெயில் முதுகுப்பக்கம், வெளிச்சம் முழுக்க மண்டபத்து மேல. கிழக்குக் கரையில நின்னா கோபுரம் கறுப்பாத்தான் தெரியும். பாதிப் பேர் போட்டோ கெடுறது இதனாலதான்.

நடைவாசி:
அந்தக் கணக்குப்படி காலையில கிழக்குக் கரையில நின்னாப் போச்சு! சித்திரை, வைகாசியில பகலெல்லாம் காய்ஞ்ச கருங்கல் ஆறு மணிக்கும் சுடும். முட்டிவலி இருக்கிற பெரியவங்களை எங்க உட்கார வைப்பீங்க?

கீழவாசல்:
கல் சூடு வாஸ்தவம்தான். மத்த மாசத்துக்கு அது பொருந்தாதே.

பனையூரான்:
ரெண்டு பேரும் படியை விட்டுட்டீங்க. முன்னே குளம் காய்ஞ்சு கிடக்கும், பயலுக உள்ள கிரிக்கெட் ஆடுவாங்க, மண்டபத்துக்கு நடந்தே போகலாம். இப்ப பனையூர் கால்வாய் வழியா வைகைத் தண்ணி வந்து நிக்குது. படகு விட்டாத்தான் உள்ள போக முடியும். தண்ணி இறங்கி வெளிய தெரியிற படியில பாசி இருக்கும். காய்ஞ்ச மாதிரி இருந்தாலும் வழுக்கும். பிள்ளைங்களை மேல்படியோட நிறுத்துங்க.

கீழவாசல்:
தைப்பூசத்துக்கு என்ன சொல்றீங்க? அன்னிக்குக் காலையில ரெண்டு சுத்து, ராத்திரி ஒரு சுத்து தெப்பம். மேற்குக் கரையில நின்னா மண்டபத்துக்குப் பின்னால பௌர்ணமி நிலா ஏறும். அதைக் காலையில காட்டுங்க பார்ப்போம்!

நடைவாசி:
தம்பி, முதல் தடவை வர்றவங்களை அன்னிக்கு இழுக்காதீங்க. கூட்டத்துல ஒரு படி கண்ணுல படாது. தெப்பத்தை வடம் பிடிச்சு இழுக்கிறவங்க கரையோட வருவாங்க, அந்தப் பக்கம் கைக்குழந்தையோட நிக்கவே கூடாது. அம்மனும் சுவாமியும் இங்க வந்துடறதால மீனாட்சியம்மன் கோயில்ல நடை சாத்தியிருக்கும். ஒரே நாள்ல ரெண்டையும் முடிக்கலாம்னு வர்றவங்க மீனாட்சியைக் கூட்டத்துல எட்டிப் பார்த்துட்டுத்தான் ஊர் திரும்பணும்.