பிடித்த சிறுகதைகளைத் தொகுத்துப் பிறருக்குக் கொடுக்கலாமா?

பனையோலை:
என் அக்கா மகள் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். தமிழில் நல்ல சிறுகதைகள் படிக்க வேண்டும் என்கிறாள். புதுமைப்பித்தனின் முழுத்தொகுப்பை எடுத்தவுடன் கையில் கொடுத்தால் மிரண்டுவிடுவாள். அதனால் நானே பதினைந்து கதைகளைத் தேர்ந்து, தட்டச்சு செய்து, ஒரே கோப்பாக்கி அவளுக்கும் அவள் தோழிகளுக்கும் அனுப்பப் போகிறேன். எனக்கு வரிசைதான் முக்கியம். கு.ப.ராஜகோபாலனின் ‘விடியுமா?’, அதையடுத்துப் புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’. முதல் கதையில் கணவன் ஆபத்தான நிலையில் இருப்பதாகத் தந்தி வர, உடன்பிறந்தவனோடு ஒருத்தி இரவு ரயிலில் சென்னைக்குப் போகிறாள். இரண்டாவதில் ஜவுளிக்கடைச் சம்பளத்தில் காலம் தள்ளும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இரண்டையும் தொடர்ந்து படித்தால் எந்தப் பாடநூலும் சொல்லித்தராத ஒன்று பிடிபடும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அல்லிக்குளம்:
உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் இந்த வரிசையே அந்தப் பெண்ணின் வாசிப்பைக் கெடுத்துவிடும். சாவை வைத்து இரண்டு கதைகளுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். ‘விடியுமா?’ சாவைப் பற்றிய கதை என்று நான் நினைக்கவில்லை. இருக்கிறாரா, போய்விட்டாரா என்று தெரியாத அந்த இரவுதான் கதை. செய்தி தெரிந்தபின் வருவது துக்கம் மட்டுமல்ல, ஒரு விடுதலையும்கூட. ‘செல்லம்மாள்’ அப்படியே நேர்மாறு. அவள் இறந்ததை ஆசிரியர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். காத்திருக்க அங்கே எதுவும் இல்லை. அடுத்தடுத்து வைத்தால் புதிய வாசகி ஒற்றுமையைத்தான் தேடுவாள். கு.ப.ரா.வை அவருடைய மற்ற கதைகளோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அவர் எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறார் என்பது தெரியும்.

பனையோலை:
நேர்மாறாக இருப்பதால்தான் பக்கத்தில் வைக்கிறேன். ஒற்றுமையைத் தேடி ஏமாந்தால் அந்த ஏமாற்றமே அவளை யோசிக்க வைக்கும். தவிர, இந்தக் கதைகள் முதலில் பத்திரிகைகளில் தனித்தனியாக வந்தவை. அன்றைய வாசகர் யாரும் ஆசிரியரின் மொத்தக் கதைகளையும் மடியில் வைத்துக்கொண்டு படிக்கவில்லை.

மூன்றாம்படி:
வரிசை இருக்கட்டும், உரிமையைப் பார்ப்போம். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. கு.ப.ரா. 1944இல் மறைந்தார், புதுமைப்பித்தன் 1948இல். இருவர் கதைகளையும் தாராளமாகத் தட்டச்சு செய்யலாம். மற்ற பதின்மூன்றும் யாருடையவை?

பனையோலை:
பெரும்பாலும் 1930களில் வந்த ‘மணிக்கொடி’ இதழின் காலத்தவை. அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ ஒன்று உண்டு.

மூன்றாம்படி:
அதைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் 2017இல் மறைந்தார்; 2077 முடியும்வரை உரிமை குடும்பத்தாருடையது. உங்கள் புத்தகத்தை அக்கா மகளுக்கு இரவல் கொடுப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. கோப்பு அப்படியல்ல, அது தோழிகளோடு நிற்காது. வாட்ஸ்அப்பில் ஆசிரியர் பெயர் இல்லாமல், கடைசிப் பத்தி துண்டிக்கப்பட்டு அலையும் கதைகளெல்லாம் இப்படி யாரோ அன்பாக அனுப்பியவைதான். எழுதியவரின் பெயரையே தொலைத்துவிட்டு இலக்கியத்தைப் பரப்பினோம் என்று எப்படிச் சொல்வது?

கரிசல்மண்:
நகரத்தில் இருப்பவர்களுக்கு இது சுலபம். எங்கள் ஊரில் புத்தகக் கடை என்றால் நோட்டும் கையேடும்தான். நூலகத்தில் சிறுகதை அடுக்கு ஒன்றே ஒன்று. நல்ல எழுத்தாளர் பலரின் தொகுப்புகள் மறுபதிப்பே காணவில்லை. கிடைக்காத புத்தகத்தை வாங்கிப் படி என்பது படிக்காதே என்பதற்குச் சமம். நான் படித்த நல்ல கதைகளில் பாதி, யாரோ ஒரு அண்ணன் நகலெடுத்துக் கொடுத்தவை. அந்தத் தாள்கள் இல்லாவிட்டால் இன்று நான் புத்தகம் வாங்குகிறவனாகவே இருந்திருக்க மாட்டேன்.

மூன்றாம்படி:
பதிப்பில் இல்லாதவை பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அசோகமித்திரனின் கதைகள் கடைகளில் கிடைக்கின்றன, தபாலிலும் வரும்.

ஏட்டுப்பிழை:
யாரும் கேட்காத கேள்வி: எந்தப் பிரதியைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறீர்கள்? புதுமைப்பித்தன் கதைகளில் பத்திரிகை வடிவத்துக்கும் நூல் வடிவத்துக்கும் வேறுபாடுகள் உண்டு. ஆ.இரா.வேங்கடாசலபதி 2000இல் கொண்டுவந்த காலச்சுவடு பதிப்பு அவற்றைக் குறித்துக் காட்டுகிறது. பழைய நூலை ஸ்கேன் செய்து எழுத்துகளாக மாற்ற நினைத்தால் இன்னும் கவனம் வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை, ணா, றா எல்லாம் வேறு வடிவம், மென்பொருள் தடுமாறும். துணைக்கால் ‘ர’ ஆகிவிடும், ‘ர’ துணைக்கால் ஆகிவிடும். வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தபின் அனுப்புங்கள். ஒவ்வொரு கதையின் கீழும் ஆசிரியர் பெயரையும் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்பதையும் போடுங்கள். கதையோடு ஒட்டியிருந்தால்தான் அவ்வளவு சுலபத்தில் உதிராது.

பனையோலை:
ஒவ்வொரு கதையின் கீழும் போட்டுவிடுகிறேன். ‘புலிக்கலைஞன்’ கோப்பில் வராது. அசோகமித்திரன் தொகுப்பு ஒன்றை வாங்கி அவளுக்குத் தனியாக அனுப்புகிறேன். மற்ற இரண்டின் இடத்தை மட்டும் மாற்ற மாட்டேன்.

அல்லிக்குளம்:
அப்படியானால் அவற்றுக்கு நடுவே புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ வையுங்கள். சிரித்துவிட்டு வந்தால் ‘செல்லம்மாள்’ கதையை அதற்குரிய மனத்தோடு தொடங்குவாள்.

பனையோலை:
அது பதினைந்தாவது. கடைசியில் சிரிக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

அல்லிக்குளம்:
கடைசிக் கதை வரை எல்லோரும் வருவார்கள் என்பது என்ன நிச்சயம்? முன்னால் கொண்டுவாருங்கள்.